எங்கள் பிள்ளைகளின் உடுப்புக்கு ஊரும் பேரும் வேண்டும்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், திருத்தணி வட்டாரங்களில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் நாங்கள். சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், தேர்வாய் கண்டிகைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள், பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி ஓட்டுகிறவர்கள், பழவேற்காட்டில் வலை இழுக்கிறவர்கள், வீட்டு வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பவர்கள் எல்லாரும் எங்களில் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கும் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கிறோம். பலர் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போகிறோம். இப்போது பாதிப்பேர் செல்போனிலேயே வாங்குகிறோம்.

சில ஆண்டுகளாக எங்கள் முன் ஒரு கேள்வி வைக்கப்படுகிறது. இன்ன பிராண்டு துணியைப் பிள்ளைக்கு வாங்கலாமா, அதைத் தைத்தவர்களுக்கு ஒழுங்கான கூலி இல்லையாமே, சிறுமிகளை ஹாஸ்டலில் அடைத்து நூல் நூற்கிறார்களாமே என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலைப் பெற்றோரின் தலையில் மட்டும் சுமத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. கடையில் நிற்கும்போது எங்கள் கைக்கு வருவது ஒரு சட்டையும் அதன் விலைச் சீட்டும்தான். எந்த ஆலை, என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்ற விவரம் பிராண்டுகாரர்களிடம் இருக்கிறது, ஆலை முதலாளியிடம் இருக்கிறது, தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. இல்லாதது எங்களிடம் மட்டுமே. விவரத்தை வைத்திருப்பவர்கள் வாய்மூடி இருக்க, விவரமில்லாதவர்கள் மனசாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது முறையல்ல.

எங்கள் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தைக்கும் தொழிலாளர்களும் அவர்களுடைய சங்கமும் ஒரு பிராண்டைத் தவிர்க்கச் சொன்னால் தவிர்ப்போம். அவர்கள் சொல்லாதவரை, வாங்கிக்கொண்டே கேள்வி கேட்போம். அந்தக் கேள்விகளுக்குப் பதில் பெறும் உரிமை எங்களுடையது. கீழே உள்ள எதுவும் புதிய தத்துவம் இல்லை. எல்லாம் வேறெங்கோ ஓரிடத்தில் நடந்திருக்கிறது, அல்லது சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இத்தனை நாள் ஏன் ஆனது என்பதைத்தான் கேட்கிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை லேபிளைப் பற்றியது. ஐந்து வயதுப் பெண் குழந்தையின் கவுன் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். கழுத்தில் பிராண்டின் பெயர். இடுப்புப் பக்கத் தையலுக்குள் ஒரு வெள்ளை நாடா. நூறு சதவீதம் பருத்தி, வெந்நீரில் துவைக்காதே, ப்ளீச் போடாதே, இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று பொடி எழுத்தில் இருக்கும். இந்தியாவில் எங்கே? திருப்பூரிலா, அம்பத்தூரிலா, பெங்களூரிலா, நொய்டாவிலா என்று அது சொல்லாது. எம்.சி. ரோட்டு நடைபாதையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று குவித்து விற்கும் உடுப்பில் அந்த பிராண்டு நாடாவையும் கத்தரியால் பாதியாக வெட்டியிருப்பார்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் அது எந்த ஆலையில் சுட்டது என்ற முகவரி இருக்கிறது. நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் குழந்தைச் சட்டையில் இல்லை. தைத்த ஆலையின் பெயரும் ஊரும் அந்த நாடாவில் ஒரு வரியாக வேண்டும். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏற்றுமதி ஆர்டர் தரும் பெரிய நிறுவனங்களில் நைக்கி 2005இலும், எச் அண்ட் எம் 2013இலும், கேப் 2016இலும் தங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டுவிட்டன. வெளிநாட்டுக் குழந்தைக்குத் தைத்த ஆலையின் பெயரைச் சொல்ல முடிகிறபோது, உள்ளூர்க் குழந்தைக்குத் தைத்த ஆலையின் பெயரைச் சொல்ல என்ன தடை? தீபாவளிச் சரக்குக்கான துணி பல மாதம் முன்பே வெட்டப்படுகிறது. ஆகவே முடிவு இப்போதே எடுக்கப்பட வேண்டும். வரும் தீபாவளிச் சரக்கிலிருந்து அந்த வரி இருக்க வேண்டும்.

சட்டமும் இதற்கு ஏற்பத் திருந்த வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, ஆற்றல், தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை எங்களுக்குத் தருகிறது. யார், எந்த நிலையில் செய்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்க்கும்படி தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்கு முறைப்படி எழுத வேண்டும். துணி ஏற்றுமதியில் முன்நிற்கும் மாநிலம் நாம். இந்தக் கடிதத்தை முதலில் எழுத வேண்டியவர்களும் நாம்தான். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியும் 2023இல், சந்தையின் முதல் 250 நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருகிறவர்களின் நிலைமையையும் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்றது. பிறகு அதை ஓராண்டு தள்ளிப்போட்டு, விரும்பினால் சொல்லலாம் என்று தளர்த்திவிட்டது. அந்தத் தளர்வைத் திரும்பப் பெற வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் ஹாஸ்டலில் இருக்கும் ஒரு பெண்ணின் இளமையில் ஓர் ஆண்டு.

ஆலைப் பட்டியல் தையலோடு நிற்கக் கூடாது. நூற்பாலை வரை போக வேண்டும். சட்டை தைக்கும் கம்பெனிக்குள் வெளிநாட்டு ஆடிட்டர் வருகிறார், விளக்கு பளிச்சென்று எரிகிறது, தண்ணீர்க் குடம் புதிதாக வைக்கப்படுகிறது. அந்தத் துணிக்கு நூல் வந்த மில்லை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. சுமங்கலித் திட்டம் அந்த இருட்டில்தான் வளர்ந்தது. ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, மில் ஹாஸ்டலிலேயே தங்கவைத்து, மாதம் சொற்பப் பணம் கொடுத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். அது அவர்களுடைய சொந்தச் சம்பளத்தில் பிடித்துவைத்த பணம். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு நிறுவனமும் இந்தியா கமிட்டி ஆஃப் தி நெதர்லாண்ட்ஸ் அமைப்பும் 2011இலும் மறுபடி 2014இலும் இதை அறிக்கையாக வெளியிட்டன. வெளிநாட்டுக்காரர் வந்து எழுதிய பிறகுதான் நம் மாநிலத்தில் பலருக்கு உறைத்தது என்பது வேதனை. இன்று அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஹாஸ்டல்கள் இருக்கின்றன. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும் அவற்றில் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் சென்னைக்கு வரும் ரயில்கள் எங்கள் கும்மிடிப்பூண்டி நிலையத்தைத் தாண்டித்தான் போகின்றன. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களின் முகம் எங்களுக்குப் புதிதல்ல.

ஆகவே மில் ஹாஸ்டல்கள் ஒவ்வொன்றும் 2014ஆம் ஆண்டுப் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவாக வேண்டும். பதிவான ஹாஸ்டல்களின் பெயர்களை மாவட்டவாரியாக அரசு இணையதளத்தில் போட வேண்டும். சட்டம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். பட்டியலை வெளியிட மூன்று மாதம் போதும். பதிவில்லாத ஹாஸ்டல் வைத்திருக்கும் மில்லிலிருந்து நூல் வாங்குவதில்லை என்று பிராண்டுகள் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஹாஸ்டல் பெண் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர யாரிடமும் கையெழுத்து வாங்கத் தேவையில்லை என்பதும் அந்த உறுதியில் இருக்க வேண்டும்.

அடுத்து, எல்லாவற்றிலும் கனமான கோரிக்கை. தப்பு வெளியே வந்ததும் ஆர்டரை ரத்து செய்துவிட்டு ஓடக் கூடாது. பிள்ளைகள் வேலை செய்வதைக் கண்டதும் பிராண்டுகள் இதுவரை பெரும்பாலும் செய்தது அதைத்தான். 2008 ஜூனில் பிபிசி தொலைக்காட்சி பிரைமார்க் நிறுவனத்தின் துணிகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. திருப்பூர் ஆலைகளுக்கு வந்த வேலை கைமாறிக் கைமாறி வீடுகளுக்குப் போனதையும், பவானிசாகர் அகதி முகாமில் பிள்ளைகள் ஜிகினா தைத்ததையும் அது சொன்னது. நிகழ்ச்சியின் வேறொரு காட்சித் துண்டு உண்மைதானா என்ற சர்ச்சை பிறகு எழுந்தது. பிபிசியின் மேற்பார்வைக் குழுவே 2011இல் அதைக் குறைகூறியது. ஆனால் திருப்பூரில் மூன்று ஆலைகளின் ஆர்டரை பிரைமார்க் நிறுத்தியதில் சர்ச்சை இல்லை. இங்கிலாந்தில் சட்டை வாங்கியவர்களுக்கு மனம் ஆறியிருக்கும். முகாமில் ஜிகினா தைத்த பிள்ளையின் வீட்டுக்கு ஒரு வருமானம் நின்றது. கும்மிடிப்பூண்டியிலும் ஈழத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். முகாமில் வாழும் ஒரு தாய்க்கு வீட்டில் செய்யும் வேலை என்ன பொருள் தருகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இதே பாடம் அதற்கும் முன்னால் வங்கதேசத்தில் எழுதப்பட்டுவிட்டது. சிறுவர் உழைப்பில் உருவான பொருள்களுக்குத் தடை கேட்டு 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டில் ஹார்கின் என்பவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே ஆகவில்லை. அதற்குள் பயந்துபோன டாக்கா ஆலைகள் பல்லாயிரம் பிள்ளைகளை ஒரே மூச்சில் வெளியே அனுப்பின. அவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. பலர் கல்லுடைக்கவும் அதைவிடக் கேடான வேலைக்கும் போனார்கள் என்று யுனிசெஃப் எழுதியது. அதன் பிறகுதான், 1995 ஜூலையில், ஆலை முதலாளிகள் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி, வீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை, அந்த வேலை அதே குடும்பத்தின் பெரியவருக்கு என்பது ஏற்பாடு. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. எங்கள் கோரிக்கையும் அதே வரிசையில் வருகிறது. பதினான்கு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை காஜா எடுப்பதையோ பிசிறு வெட்டுவதையோ கண்டால், பிள்ளையை அன்றே பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தாய்க்கோ தகப்பனுக்கோ சட்டப்படியான கூலியில் அதே வேலையைத் தர வேண்டும். அந்த ஆலைக்கு ஆர்டர் குறைந்தது ஓராண்டாவது தொடர வேண்டும். சரிசெய்யும் செலவில் பிராண்டும் பங்கு ஏற்க வேண்டும். லாபத்தில் பங்கு எடுத்தவர்கள் அவர்கள்.

பிராண்டுகள் தாங்களாக எழுதிக்கொள்ளும் நன்னடத்தை விதிகளை நாங்கள் ஆதாரமாக ஏற்கவில்லை. 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலை எரிந்து இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வழிகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி. சில வாரங்களுக்கு முன்தான் அந்த ஆலைக்குச் சர்வதேசத் தரச் சான்றிதழ் வந்திருந்தது. அடுத்த ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஆடை எடுத்த நிறுவனங்களில் ஒன்று, குழந்தைகளுக்கென்றே கடை நடத்தும் சில்ரன்ஸ் பிளேஸ். சுவரில் விரிசல் விட்டிருப்பதை முந்தின நாளே தொழிலாளர்கள் பார்த்தார்கள். உள்ளே வரமாட்டோம் என்றவர்களையும் மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லும் பலம் தொழிலாளிக்கு இல்லாத இடத்தில் சான்றிதழ் வெறும் காகிதம்.

அந்தப் பலத்தைக் கொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலை கையெழுத்திட்டது, எச் அண்ட் எம், அடுத்து கேப், பி.வி.எச். நிறுவனங்களும் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் ஆலைக்கு வியாபாரத்தில் விளைவு உண்டு என்பது எழுத்திலேயே இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் கட்டாய உழைப்புச் சந்தேகத்தில் அந்த ஆலையின் சரக்கை அமெரிக்கச் சுங்கத் துறை நிறுத்தியது. ஒப்பந்தத்தின் கீழ் நடந்த மாற்றங்களைப் பார்த்து செப்டம்பரிலேயே தடையை விலக்கியது. பெண்களின் வேலை தப்பியது. ஆர்டரை நிறுத்திவிட்டு ஓடியிருந்தால் இது நடந்திருக்காது. தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு ஆடை தைக்க ஆர்டர் தரும் ஒவ்வொரு பிராண்டும், உள்நாட்டு பிராண்டு உட்பட, இது போன்று நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கத்தோடு செய்ய வேண்டும். பேச்சுவார்த்தை இந்த நிதியாண்டுக்குள் தொடங்க வேண்டும். 2022இலேயே மாதிரி வந்துவிட்டது.

கூலியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. குறைந்தபட்சக் கூலியை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்பது சட்டம். தையல் தொழிலுக்கு 2004இல் நிர்ணயித்த கூலியைத் திருத்த 2014 வரை ஆனது. திருத்தியதை எதிர்த்து ஆலை முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் அதை உறுதிசெய்தது. நடுவே போன ஆண்டுகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி முடித்துவிட்டார்கள். ஐந்தாண்டுக் கெடு முடியும் நாளுக்கு முன்பே அரசு புதிய கூலியை அறிவித்திருக்க வேண்டும் என்று கோருகிறோம். பீஸ் ரேட்டில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும் அது பொருந்த வேண்டும். கூலி ஏறினால் சட்டை விலை ஏறும் என்று எங்களைப் பயமுறுத்த வேண்டாம். ஒரு சட்டையின் விலையில் தைத்தவரின் பங்கு எவ்வளவு சின்னது என்பது மெஷினில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எங்களில் பலர் உட்கார்ந்திருக்கிறோம்.

வெளியூர் ஆலையைக் கேள்வி கேட்கும் நாங்கள் எங்கள் ஊரையும் கேட்கிறோம். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அது மாவட்ட அலுவலருக்கு அறிக்கை தர வேண்டும். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களிலும் மாவட்டத்தின் தையல் கூடங்களிலும் எவை எவை அறிக்கை தந்தன, எவை தரவில்லை என்ற பட்டியலை மாவட்ட ஆட்சியர் ஜனவரிக்குள் வெளியிட வேண்டும். குழுவில் யார் இருக்கிறார்கள், யாருக்குப் போன் செய்வது என்ற தகவல் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கேட்டருகே ஒட்டியிருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து ஆலை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அந்தக் காகிதம் நாளைக்கே தேவைப்படலாம்.

பள்ளிச் சீருடைக்கு வருகிறோம். எந்த பிராண்டை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று யோசிக்கும் உரிமையே இங்கே பலருக்கு இல்லை. தனியார் பள்ளிகள் பலவற்றில் சீருடையைப் பள்ளிக்குள்ளேயோ அவர்கள் சொல்லும் ஒரே கடையிலோதான் வாங்கியாக வேண்டும். துணி எங்கே நெய்தது, யார் தைத்தார்கள் என்று கேட்டால், இஷ்டமிருந்தால் வாங்குங்கள் என்ற பதில் வரும். இஷ்டமில்லாவிட்டால் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். பள்ளிகள் சீருடை வியாபாரம் செய்யக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. 2017இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. மாவட்டத்தின் எல்லாத் தனியார் பள்ளிகளும் துணியின் நிறத்தையும் மாதிரியையும் மட்டும் அறிவித்துவிட்டு, எங்கே வாங்குவது, யாரிடம் தைப்பது என்பதைப் பெற்றோரிடம் விட வேண்டும். அடுத்த சேர்க்கைக்கு முன், ஏப்ரலிலேயே, முதன்மைக் கல்வி அலுவலர் இதற்கு எழுத்தில் உத்தரவிட வேண்டும். எங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடம் கொடுத்தால் அந்தப் பணம் எங்கள் தெருவில் இருக்கும், அவர் எத்தனை மணி வரை விளக்கெரித்தார் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குப் பெரிய அளவில் ஆடை வாங்குவது பிராண்டுகள் மட்டும் அல்ல, அரசும்தான். சத்துணவு சாப்பிடும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை இலவசமாகத் தரப்படுகிறது. கூட்டுறவு விசைத்தறிகளில் நெய்த துணியை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் தைக்கிறார்கள். நல்ல முறையில் ஆடை வாங்குவது எப்படி என்று தனியாருக்குக் காட்டும் வாய்ப்பு அரசின் கையிலேயே இருக்கிறது. இந்தத் திட்டத்தைப் பெருமையோடு சொல்கிறோம். அதனாலேயே இதில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்கிறோம். தைத்துக் கொடுத்த முப்பது நாளுக்குள் தையல் கூலி பெண்களின் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். ஒரு சட்டைக்கு என்ன கூலி என்பதை ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயர்த்த வேண்டும். வெட்டிய துணி மார்ச்சுக்குள் சங்கங்களுக்கு வந்துசேர வேண்டும். அப்போதுதான் ஜூனில் பள்ளி திறக்கும் அன்று பிள்ளை பழைய சட்டையோடு போக வேண்டியிருக்காது, தைக்கும் பெண்ணும் இரவு முழுக்க உட்கார வேண்டியிருக்காது.

பொதட்டூர்பேட்டை, ஆர்.கே. பேட்டை, பள்ளிப்பட்டு பக்கத்துத் தறிகளில் லுங்கியும் சேலையும் நெய்கிறார்கள். மெல்லிய பருத்தி, குழந்தை உடம்புக்கு ஏற்றது. ஆனால் குழந்தை அளவில் தைத்த உடுப்பாக அது எங்கள் கடைவீதிக்கு வருவதில்லை. 1935 முதல் நடக்கும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் மாவட்டத்து நெசவாளர்களின் துணியில் ஒரு வயது முதல் பன்னிரண்டு வயது வரைக்கான அன்றாட உடுப்புகளைத் தைத்து, கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் பண்டிகைக் காலத்திலாவது விற்க வேண்டும். நெய்தவர் ஊரும் தைத்த சங்கமும் அதில் அச்சிட்டிருக்க வேண்டும். இந்தக் கரைக்குத் துணி வியாபாரம் புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியாக் கோட்டை கட்டி, சோழமண்டலத் துணியைக் கப்பலேற்றினார்கள். அதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். துணிக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்காத வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் கடற்கரை பார்த்திருக்கிறது.

சாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தை சட்டைக் காலரைச் சப்பும், ஸ்லீவைக் கடிக்கும். புற்றுநோய் அபாயமுள்ள அசோ, பென்சிடின் வகைச் சாயங்கள் 112ஐ இந்தியா 1990களிலேயே தடைசெய்தது. கடையில் தொங்கும் குழந்தை உடுப்பில் அவை இல்லை என்று எங்களுக்கு உறுதி சொல்வது யார்? டெக்ஸ்டைல்ஸ் கமிட்டியின் பரிசோதனைக் கூடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. தீபாவளிக்கு ஒன்று, ஜூனுக்கு ஒன்று என ஆண்டுக்கு இருமுறை குழந்தை உடுப்புகளின் மாதிரியை எடுத்துச் சோதித்து, பிராண்டு பெயரோடு முடிவை வெளியிட வேண்டும். நடைபாதைச் சரக்கையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஏழைப் பிள்ளை உடுத்துவது அதைத்தான். அந்தச் சாயம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பிராண்டுகள் சொல்ல வேண்டும். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகி, விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும்வரை நொய்யல் ஆறு பட்ட பாட்டை நாடறியும். சிப்காட் உருக்காலைகளின் கரித்தூள் கொடியில் காயும் துணியில் படிவதை அன்றாடம் உதறுகிறவர்கள் நாங்கள். இன்னொரு ஊரின் ஆறு செத்து எங்கள் பிள்ளைக்குச் சட்டை வர வேண்டாம்.

கடைகளுக்கு ஒரு கோரிக்கை. அதை நாளையே நிறைவேற்றலாம். ஜவுளிக் கடைகளில் விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. பண்டிகை நாளில் எங்கள் பிள்ளைக்கு இருபது சட்டை பிரித்துக் காட்டும் பெண் காலை முதல் நின்றுகொண்டிருக்கிறார். கடைதோறும் இருக்கை இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று தொழிலாளர் துறை தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் சோதிக்க வேண்டும். நாங்களும் பார்ப்போம். இருக்கை இல்லாத கடையில் முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் பில் போடுவோம்.

இந்தச் சாசனத்தின் படிகள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் திருவள்ளூர் ஆட்சியரிடமும், தொழிலாளர் நலத் துறை, சமூக நலத் துறை, பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்களிலும், குழந்தை உடுப்பு விற்கும் நிறுவனங்களின் நுகர்வோர் சேவை முகவரிகளிலும் தரப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குவோம். முப்பது நாளில் எழுத்துப் பதில் வேண்டும். பதில் தராத அரசு அலுவலகங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போகும். மே 1 கிராம சபையில், ஊராட்சி தோறும், இந்தக் கோரிக்கைகள் தீர்மானமாக வைக்கப்படும். பேரூராட்சி, நகராட்சிகளில் பகுதி சபைகளில் வைக்கப்படும். எந்தத் துறை, எந்த நிறுவனம் பதில் தந்தது, எது தரவில்லை என்ற பட்டியலை அன்று கூட்டத்தில் வாசிப்போம். அதன் நகலைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் கொடுப்போம், ஜூன் மாதம் துணி எடுக்கப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்கும்.